மீன் கலவழி நூற்பாவும் அகலவுரையும்

நோயில் இளமீன் உறுப்பினைக் கொண்டு
மாசறக் கழுவி நுண்ணிதின் அரிந்து
ஊணும் வெம்மையும் உரியன அளித்துப்
பரந்து நிறைந்துழிப் பகுத்துப் பகுத்துப்
பல்கால் பெயர்த்தும் பண்பு திரியாது
இனம்பிறி தாகாது பிறகலம் விரவாது
உறைபனி வைப்பினும் உயிர்த்தெழு வதுவே
கலவழி என்மனார் கற்றறிந் தோரே
அதன்கண் நச்சுயிர் அழிவின் தோன்றும்
தோன்றிய தெல்லாம் நோய்முதல் அன்றே
ஆக்கலின் அரிதே அதனைக் காத்தல்.

என்பது சூத்திரம்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், மீனுடலுக்குப் புறத்தே குப்பியுள் வழிவழியாகப் பெருகி நிற்கும் கலவழியின் இலக்கணமும், அதனைக் கருவியாகக் கொண்டு வளர்ப்பு மீனின் வைரசு நோயை ஆராயுமாறும், ஆராய்வோன் கடப்பாடும் உணர்த்துதல் நுதலிற்று.

இதன் பொழிப்பு: நோயற்ற இளமீனின் உறுப்பொன்றை எடுத்து, மாசு நீங்கக் கழுவி, நுண்ணிய துண்டங்களாக அரிந்து, அதற்குத் தக்க உணவும் வெப்பமும் கொடுத்து, கலங்கள் பரந்து குப்பியின் அடியை நிறைத்தபொழுதெல்லாம் பிரித்துப் பிரித்து வேறு குப்பிக்கு மாற்ற, பலமுறை மாற்றியவிடத்தும் தன் பண்பு மாறாமலும், இன்ன மீனினது என்னும் அடையாளம் கெடாமலும், வேற்றுக்கலம் கலவாமலும், உறைய வைத்து மீட்டபோதும் உயிர்த்து எழுவது யாது, அது கலவழி எனப்படும், அதன்கண் வைரசு தான் செய்யும் அழிவினால் வெளிப்படும், வெளிப்பட்டதெல்லாம் நோய்க்குக் காரணம் ஆகாது, ஒரு கலவழியை ஆக்குவதினும் காப்பது அரிது என்றவாறு.

இதனை ஈண்டுக் கற்பதனாற் பயன் என்னை எனின், கூறுதும். கொழும்பிலே தெமட்டகொடையினின்று பேஸ்லைன் வீதி வழியே வடக்கே சென்று களனி ஆற்றைக் கடப்பார்க்குப் பேலியகொடை மொத்த மீன் சந்தை எதிர்ப்படும். அச்சந்தையின் செல்வம் பெரும்பாலும் கடலிற் பிடிபட்டதே. ஆயினும் இந்நாட்டின் மீனுணவு கடலொன்றையே நம்பியதன்று. 1952இல் இலங்கைக்குக் கொணரப்பட்ட திலாப்பியா உள்நாட்டுக் குளங்களை நிறைத்தது. கொடுவா திருகோணமலைக் கடலிற் கூண்டிட்டு வளர்க்கப்படுகிறது. இறால் புத்தளம் மாவட்டத்துக் களப்போரங்களிற் பண்ணைத் தொழிலாயிற்று. பரந்த நீரில் ஒரு மீன் நோயுற்றால் அது தனித்து மடியும். அடைத்து வளர்த்தவிடத்து ஒன்றன் நோய் அனைத்தின் நோயாம். ஆகலின் மீனை வளர்க்கப் புகுந்த நாடு மீனின் வைரசையும் அறியப் புகுதல் வேண்டும். வைரசோ உயிர்க்கலத்துக்குப் புறத்தே பெருகாது. அதனைப் பெருக்கிக் காணக் கலம் வேண்டும். எந்நாளும் ஒரே தன்மையதாய்க் கிடைக்கும் கலம் வேண்டும். அக்கலத்தின் இலக்கணம் கூறலின் இந்நூற்பா இத்துறைக்கு முதல் என்க.

இனிச் சொற்பொருள்.

நோயில் இளமீன் உறுப்பினைக் கொண்டு

"நோயில்" என்பது நோய் இல்லாத என்றவாறு. ஈண்டு "இல்" இன்மைப் பொருட்டு. நோயின்கண் என ஏழாம் வேற்றுமையாக விரிப்பின் நூற்பாவின் கருத்துத் தலைகீழாம். மீனின் வகை, பருவம், உறுப்பு ஆகியவற்றை எல்லாம் பின் நிறுத்தி இதனை முதற்கண் வைத்தது என்னை எனின், முதற்கலத்துட் பதுங்கிய வைரசு அதன் வழித்தோன்றும் கலம் ஒவ்வொன்றினும் தொடரும். பின்னர் எக்கழுவலாலும் நீங்காது என்பது அறிவித்தற்கு.

இதற்குச் சான்று எஸ்.எஸ்.என்.-1 என்னும் கலவழி. அது விரால் மீனின் குஞ்சினின்று ஆக்கப்பட்டது. 1996இல் பிரெரிக்ஸ் முதலியோர் ஐரோப்பியக் கடற்பாஸ் மீனின் குஞ்சிலிருந்து நோடா வைரசைக் கலவளர்ப்பிற் பிரித்தெடுத்தது இதன்கண்ணே. அவ்வளவு பெரும்பயன் தந்த கலவழி, தன்னுள்ளே விராலின் ரெட்ரோ வைரசு ஒன்றை நிலையாகச் சுமந்து நின்றமை கண்டறியப்பட்டது. அதனால் அது தள்ளப்பட்டதோ எனின், இல்லை. 2000இல் அதனின்று ஒற்றைக்கலம் பிரித்து ஆக்கிய இ-11 என்னும் கிளைவழி இன்றும் பல ஆய்வுகூடங்களிற் பயன்படுகிறது. எனினும் பயன்கொள்வான் தன் கருவியின் உள்ளிருப்பதை அறிந்தே பயன்கொள்ளக் கடவன். அறியாது கொண்டவன் தான் கண்ட அழிவு யாரால் வந்தது என்று துணியமாட்டான்.

"இளமீன்" என்றார், முதிர்ந்த மீனின் கலத்தினும் இளமீனின் கலம் விரைந்து பிரிதலின். முதிர்ந்ததனைக் கொள்ளலாகாது என்பது கருத்தன்று. இளையது சிறப்புடைத்து என்பதே கருத்து. முட்டைக் கருவினின்று ஆக்கிய கலவழிகளும் உண்மையின், "இள" என்பதனுள் அவையும் அடங்கும்.

"உறுப்பினை" என ஒருமையாற் கூறினார், ஒரு குப்பிக்கு ஓர் உறுப்பே கொள்ளல் மரபாதலின். சிறுநீரகம், மண்ணீரல், செட்டை, இதயம், மூளை, கண் என்பவற்றுள் யாதனைக் கொள்வது என்பதை ஆராயப் புகுந்த வைரசே தீர்மானிக்கும். தமிழ்நாட்டில் வேலூரை அடுத்த மேல்விஷாரத்துச் சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியில் ஏ. எஸ். சாகுல் ஹமீது முதலியோர் கொடுவாவின் சிறுநீரகத்தினின்று எஸ்.ஐ.எஸ்.கே. என்னும் கலவழியை ஆக்கி 2006இல் வெளியிட்டனர். இந்தியாவின் முதற் கடல்மீன் கலவழி அதுவே. அவ்வாண்டே மண்ணீரலினின்று ஆக்கிய எஸ்.ஐ.எஸ்.எஸ். என்பதும் வெளிவந்தது. சென்னை, கொச்சி, புனே என்னும் நகரங்களின் ஆய்வாளரும் எஸ்.ஐ.எஸ்.கே. ஆக்கத்திற் பங்குகொண்டனர். சிற்றூர்க் கல்லூரியொன்றில் இவ்வாக்கம் கைகூடியமையை இலங்கை மாணாக்கர் கருத்திற் கொள்க: இதற்கு வேண்டுவது பெருநகரன்று, தளராத ஒழுக்கம்.

மாசறக் கழுவி நுண்ணிதின் அரிந்து

"மாசு" என்பது ஈண்டுப் பற்றீரியாவும் பங்கசும். மீன் நீரில் வாழ்வது. அதன் தோலும் செதிளும் செவுளும் குடலும் நுண்ணுயிர் செறிந்தன. ஆகலின் ஆட்டினின்றோ கோழியினின்றோ கலம் எடுப்பதினும் மீனினின்று எடுப்பது மாசு மிக்க தொழில். பெனிசிலின், ஸ்ட்ரெப்டோமைசின் ஆகியவற்றோடு பங்கசை ஒடுக்கும் அம்போட்டெரிசினும் கூட்டிய உப்புக்கரைசலிற் பலமுறை கழுவுதல் மரபு.

"அற" என்பது முற்றும் நீங்க என்னும் பொருட்டு. குறைய என்னாது அற என்றமையால், ஒரு பற்றீரியா எஞ்சினும் போதும், அது கலத்தை முந்திப் பெருகி ஊணை எல்லாம் தானே உண்டு குப்பியைக் கலக்கும் என்பது பெற்றாம். அஃதேல், மருந்தையே மேன்மேலும் கூட்டிக் காத்தல் அமையாதோ எனின், அமையாது. மிக்க மருந்து கலத்தையும் வாட்டும். மைக்கோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரோ கலச்சுவர் இல்லாதது. சுவரைத் தாக்கும் பெனிசிலின் அதன்முன் செயலற்றுப் போம். அது நீரைக் கலக்காது, குப்பியில் நிறமாற்றமும் காட்டாது, மறைந்திருந்து கலத்தின் இயல்பைத் திரிக்கும். கண்ணுக்குத் தெளிவாய்த் தோன்றும் குப்பியும் மாசற்றதென்று நம்பற்க, சோதித்தே நம்புக.

"நுண்ணிதின் அரிந்து" என்பது ஒரு மில்லிமீற்றர் அளவினவாக அரிதல். பெருந்துண்டாயின் ஊணும் உயிர்வளியும் நடுவிடத்தை எட்டாது, உள்ளே அழுகும். கூழாக அரைப்பின் கலமே சிதையும். திரிப்சின் முதலிய நொதியத்தால் இழையத்தைக் கரைத்துக் கலங்களைத் தனிப்படுத்தும் பிறிதொரு முறையும் உண்டு. நூற்பா அரிதலையே கூறியது, அது கலத்துக்கு ஊறு குறைந்த முறையாதலின். மற்றையதனை விலக்கிற்றன்று, இனம்பற்றிக் கொள்க.

ஊணும் வெம்மையும் உரியன அளித்து

"ஊணும் வெம்மையும்" என்புழி உம்மைகள் எண்ணும்மை. "உரியன" என்பது அவ்விரண்டையும் தழுவி நின்றது. உரிய ஊண், உரிய வெம்மை எனக் கூட்டுக.

ஊண் என்பது வளர்ப்பூடகம். மீன் கலத்துக்கு மிகுதியும் வழங்குவது லெய்போவிட்ஸ் என்பார் 1963இல் அமைத்த எல்-15 ஊடகம். பாலூட்டிக் கலங்களுக்குரிய ஊடகங்கள் பல காபனீரொட்சைட்டு நிறைந்த அடுப்பை வேண்டி நிற்கும்; எல்-15 வேண்டாது. தன்னிடத்து மிகுதியாகக் கூட்டிய அமினோ அமிலங்களாலேயே அது அமில காரச் சமனைக் காக்கும். குளுக்கோசுக்கு மாற்றாகக் கலக்டோசு கொண்டமையால் அமிலம் விரைந்து தோன்றாமலும் நிற்கும். மூடிய குப்பியில், வெளிக்காற்றிலேயே வளர்க்கத்தகும் இவ்வூடகம் எளிய ஆய்வுகூடத்துக்குப் பெருந்துணை. இதனோடு பசுக்கன்றுக் கருவின் நீர்ப்பாயம் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு கூட்டப்படும். கலத்தை வளரத் தூண்டும் பொருளும், அடியிற் பற்றி நிற்கச் செய்யும் பொருளும் அதன்கண் உள்ளன.

வெம்மை என்பது வெப்பநிலை. மனிதக் கலம் 37 பாகை செல்சியசில் வளரும். மீன் தன் நீரின் வெப்பத்தையே தன் வெப்பமாகக் கொள்வது. ஆகலின் அதன் கலமும் அந்நீரையே நினைக்கும். கொடுவாவின் கலம் 28 பாகையளவிற் செழிக்கும். குளிர்நாட்டு ஓடைகளில் வாழும் திரவுட்டு மீனின் கலத்துக்கு 20 பாகையளவு போதும். இலங்கை, தமிழ்நாட்டு மீன்களின் கலத்துக்கு வேண்டிய வெம்மை இந்நாடுகளின் அறைவெப்பத்துக்கு அணித்தாயிருத்தல் நமக்கு இயற்கை தந்த வாய்ப்பு.

இச்சொல்லில் இன்னொரு பொருளும் அடங்கிற்று. கலத்துக்கு உரிய வெம்மையும் வைரசுக்கு உரிய வெம்மையும் ஒன்றாதல் வேண்டும். கொடுவாவைத் தாக்கும் வெப்பநாட்டு நோடா வைரசு 25 முதல் 30 பாகையிற் பெருகுவது. குளிரிற் பழகிய கலத்தில் அதனைத் தேடுவான் தேடியதைக் காணான்.

பரந்து நிறைந்துழிப் பகுத்துப் பகுத்து

குப்பியின் அடியில் ஒட்டிய துண்டத்தின் விளிம்பினின்று சின்னாளிற் கலங்கள் புறப்பட்டு ஊரும். "பரந்து" என்பது அவ்வூர்தல். பின் அவை ஒன்றையொன்று தொட்டு அடிமுழுதும் ஒற்றைப் படையாய் மூடும். "நிறைந்து" என்பது அம்மூடல். "உழி" காலப்பொருளில் நின்றது, நிறைந்தபொழுது என்க.

நிறைந்தபொழுதே பகுத்தல் வேண்டும் என்றமையால், நிறையுமுன் பகுப்பது கலத்தை மெலிவிக்கும், நிறைந்தபின் காலம் தாழ்ப்பது இடமின்றி நலிவிக்கும் என இரண்டும் பெறப்படும். நாற்று முற்றுமுன் பிடுங்கி நடுவோன் பருவம் நோக்குமாறு போல, கலம் வளர்ப்போனும் நாடோறும் நுணுக்குக்காட்டியிற் கலத்தை நோக்கக் கடவன். பகுத்தலாவது திரிப்சினை இட்டுக் கலத்தைப் பிடிப்பினின்று விடுவித்து, ஒரு குப்பியில் உள்ளதனை இரு குப்பிக்கு மாற்றுதல்.

"பகுத்துப் பகுத்து" என்னும் அடுக்குத் தொழிற்பயில்வின்கண் வந்தது. முதற்பகுப்பிற்கு முன் உள்ளது முதனிலை வளர்ப்பு எனப்படும். அது சின்னாள் வாழ்ந்து மடியும். பகுப்பைத் தாங்கி நின்றதே வழியாம். இவ்வேறுபாடு தோன்றவே அடுக்கினார். தாங்காமைக்கு எடுத்துக்காட்டு இறால். புத்தளம் மாவட்டத்து இறாற் பண்ணைகளை 1996இல் வெண்புள்ளி வைரசு தாக்கிற்று. அவ்வைரசைக் குப்பியுள் வளர்த்து ஆராய இறாற் கலவழி வேண்டும் என உலகெங்கணும் பல பத்தாண்டுகள் முயன்றனர். முதனிலை வளர்ப்பு கைகூடிற்று. அனைவரும் ஒப்பும் நிலைத்த வழி கைகூடிற்றில்லை. ஆகலின் அவ்வைரசை ஆராய்வார் உயிருள்ள இறாலையே நாட வேண்டியதாயிற்று. மீனுக்குக் கிடைத்த வாய்ப்பின் அருமை இறாலின் வறுமையால் விளங்கும்.

பல்கால் பெயர்த்தும் பண்பு திரியாது

"பெயர்த்தும்" என்னும் உம்மை உயர்வுசிறப்பு. பலமுறை பெயர்த்தல் பண்பைத் திரிப்பதற்கே ஏதுவாயினும் திரியாது என்றவாறு. மனிதனின் இயல்பான கலம் நாற்பது முதல் அறுபது முறை பிரிந்தபின் ஓய்ந்துவிடும் என ஹெய்பிளிக்கு 1961இற் காட்டினார். மீன் கலமோ பலவிடத்துத் தானாகவே அவ்வெல்லையைக் கடக்கும். நிறமூர்த்தத்தின் முனையைப் புதுக்கும் தெலோமரேசு என்னும் நொதியம் வளர்ந்த மீனின் இழையங்களிலும் தொழிற்படுதல் அதற்கு ஓர் ஏது என்பர்.

எல்லை கடந்தது என்பதனாலேயே பண்பு காத்தது என்று கொள்ளற்க. கொடுவாவின் உடற்கலத்து நிறமூர்த்தம் 48. பலகாற் பெயர்த்த வழியில் இவ்வெண் ஏறியும் குறைந்தும் கலங்கள் தோன்றக் கூடும். முன் எளிதில் ஏற்ற வைரசைப் பின் ஏலாதொழிதலும் உண்டு. ஆகலின் ஒவ்வொரு பெயர்ப்பையும் எண்ணிட்டுக் குறித்து, குறித்த இடைவெளியில் நிறமூர்த்தமும் வளர்வேகமும் வைரசு ஏற்கும் தன்மையும் நோக்குதல் ஆசிரியர் கருத்து. எண் குறிக்காத குப்பி பெயரற்ற குப்பி.

இனம்பிறிதாகாது பிறகலம் விரவாது

இவ்விரண்டும் ஒருபொருளன போலத் தோன்றினும் வேறு. "இனம்பிறிதாகாது" என்பது இன்ன மீனினது என்று எழுதப்பட்ட பெயர் பொய்யாகாமை. "பிறகலம் விரவாது" என்பது அப்பொய்க்கு ஏதுவாகிய கலப்பு நிகழாமை. முன்னையது பயன், பின்னையது அதன் காரணம்.

இ.பி.சி. என்னும் கலவழி கெண்டை இன மீனின் தோற்கட்டியினின்று ஆக்கப்பட்டதெனக் கருதப்பட்டு, 1983 முதல் உலகெங்கும் பரந்து, மீன் வைரசைத் தேடும் முதன்மைக் கருவிகளுள் ஒன்றாயிற்று. 2010இல் விண்டன் முதலியோர் அதன் மரபுக்குறியை ஆராய்ந்து, அது கெண்டையினது அன்று, அமெரிக்கச் சிறுமீனாகிய கொழுந்தலை மின்னோவினது என நிறுவினர். கையாண்டோர் கவனமற்றவரல்லர். ஒரே அடுக்கில் இரு வழிகளை வைத்து, ஒரு குழாயை இரண்டிற்கும் தோய்த்தாற் போதும். விரைந்து வளர்வது மெல்ல வளர்வதனை விழுங்கிவிடும். குப்பியின் மேலெழுதிய பெயர் மட்டும் பழையதாய் நிற்கும்.

இப்பிழையைக் காக்கும் முறையும் இதனுள் அடங்கும். இழைமணியின் டி.என்.ஏ.யில் உள்ள சி.ஓ.ஐ. என்னும் மரபணுக்கூறு மீனினந்தோறும் வேறுபடுவது. கலவழியினது அக்கூற்றை வாசித்து அம்மீனினதோடு ஒப்பிட இனம் துணியப்படும். ஒரு வேளையில் ஒரு வழியையே வெளியே எடுத்தலும், ஒவ்வொன்றுக்கும் தனிக் குப்பி ஊடகம் வைத்தலும் அன்றாட ஒழுக்கம்.

உறைபனி வைப்பினும் உயிர்த்தெழுவதுவே கலவழி என்மனார் கற்றறிந்தோரே

"உறைபனி" என்பது ஈண்டு மலைநாட்டுப் பனியன்று, திரவ நைதரசன். அதன் வெப்பநிலை பூச்சியத்தின் கீழ் 196 பாகை. அதன்கண் கலத்தின் தொழில் யாவும் நின்று காலமே நின்றாற் போலாம். உறையும் நீர் ஊசிப்பனியாய்க் கலத்தைக் கிழிக்காமைப் பொருட்டு டி.எம்.எஸ்.ஓ. என்னும் காப்புப்பொருள் நூற்றுக்குப் பத்தளவு கூட்டி, நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் மெல்லக் குளிர்வித்தல் மரபு. மீட்கும்போது விரைந்து உருக்குதல் மரபு.

"வைப்பினும்" என்னும் உம்மை முன்னின்ற இலக்கணங்களைத் தழுவிய எச்சவும்மை. "உயிர்த்தெழுவதுவே" என்னும் ஏகாரம் பிரிநிலை. மீண்டெழாதது எத்துணைக் காலம் வளர்ந்ததாயினும் கலவழி ஆகாது என்று பிரித்தது. என்னை, ஓர் இரவு மின்சாரம் தடைப்பட்டால் முற்றும் இழக்கத்தகும் ஒன்றைப் பிறர்க்கு வழங்கும் கருவியாகக் கொள்ளல் ஆகாமையின்.

"கலம்" என்பது உயிரின் சிற்றலகு. ஏனம் எனக் கொள்ளற்க. "வழி" என்பது மரபு. "கற்றறிந்தோர்" என்றது இத்துறை முன்னோரை. அவருள் தலைவர் கென் உல்ப், குயிம்பி என்னும் இருவர். வானவில் திரவுட்டு மீனின் இனப்பெருக்க உறுப்பினின்று அவர் ஆக்கி 1962இல் வெளியிட்ட ஆர்.டி.ஜி.-2 என்பதே மீன்களுள் முதற் கலவழி. இன்றும் அது உயிரோடிருக்கிறது. பல ஆய்வுகூடங்களிற் பயன்படுகிறது. அதனைக் கொடுத்த மீன் மாண்டு அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின.

அதன்கண் நச்சுயிர் அழிவின் தோன்றும்

"அதன்கண்" என்னும் சுட்டு மேற்கூறிய இலக்கணம் யாவும் பெற்ற கலவழியைச் சுட்டிற்று. இலக்கணம் குறைந்ததில் தோன்றுவது சான்றாகாது என்பது குறிப்பு. "நச்சுயிர்" என்பது வைரசு. "அழிவின்" என்பது அழிவினால், இன் ஏதுப்பொருட்டு.

நோயுற்ற கொடுவாக் குஞ்சு சுழன்று நீந்தும், நிறம் மாறும், இரை கொள்ளாது. அதன் மூளையையும் கண்ணையும் அரைத்து, பற்றீரியா புகாத நுண்வடியில் வடித்து, தெளிவைக் கலப்படையின்மேல் இடுவர். நோடா வைரசு உளதாயின் சின்னாளிற் கலத்தினுள் வெற்றிடக் குமிழிகள் தோன்றும், கலம் உருண்டு பிடிவிட்டு மிதக்கும், படை கிழியும். அவ்வழிவே சாட்சி. மாதிரியைப் பத்தின் மடங்காய் ஐதாக்கி இட்டு, எவ்வளவு ஐதாக்கியவிடத்துப் பாதிக் குப்பிகள் அழிகின்றன என்று கணிக்க வைரசின் அளவும் புலனாம். அக்கணிப்பு முறையை இரீடு, மூன்சு என்பார் 1938இல் வகுத்தனர். இந்தியாவிற் கொடுவாக் குஞ்சுப் பண்ணையின் நோடா வைரசு 2005இல் முதன்முதல் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே கொடுவாவின் சொந்தக் கலவழி கிடைத்தமையால், அவ்வைரசை அதற்குரிய மீனின் கலத்திலேயே ஆராய வழி திறந்தது.

அற்றேல், இக்காலத்துப் பி.சி.ஆர். என்னும் சோதனை சில மணியில் வைரசின் மரபுப்பொருளைக் காட்டுமே, நாட்கணக்கிற் காத்திருக்கும் கலவழி எற்றுக்கு எனின், அறியாது கடாயினாய். அச்சோதனை மரபுப்பொருளின் ஒரு துண்டத்தைக் காட்டும். அது செத்த வைரசினதோ உயிர்த்த வைரசினதோ என்று காட்டாது. பண்ணைத் தொட்டியைக் குளோரினாற் கழுவியபின் அங்கு வைரசு தொற்றும் வலியோடு எஞ்சியதா என்பதைக் கலமே சொல்லும். இன்னும், முன் அறியப்பட்ட வைரசுக்கே அச்சோதனையின் திறவு அமையும். அறியாத வைரசு அதற்கு அகப்படாது. திலாப்பியாவை மடிவித்த புது வைரசொன்று இஸ்ரேலின் கின்னரேட் ஏரிப்பகுதியிற் கண்டறியப்பட்டு 2014இல் அறிவிக்கப்பட்டபோது, அதனை வளர்த்துக் காட்டியது முன் சொன்ன விராலின் இ-11 கலவழி. திலாப்பியாவை உணவாகக் கொள்ளும் இலங்கைக்கு இச்செய்தி புறத்தது அன்று. தடுப்பூசிக்கு வேண்டும் வைரசைப் பெருக்கலும் கலத்தின் தொழிலே.

எல்லாக் கலமும் எல்லா வைரசையும் ஏலாது என்பதும் உடன் கொள்க. 1998இல் இஸ்ரேலிலும் அமெரிக்காவிலும் கோய் மீன்களை வாரிச்சென்ற ஹெர்பிசு வைரசு கோய் மீனின் செட்டையினின்று ஆக்கிய கே.எப்.-1 கலவழியில் வளர்ந்து வெளிப்பட்டது. அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் நாடு இதனை மறத்தலாகாது. மீனுக்கே உரிய முறை இது என்றும் கருதற்க. தெமட்டகொடைக்குத் தெற்கே பொரளையில், 1900இல் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் மாந்தரின் போலியோ வைரசைத் தேடுவார்க்கும் கருவி கலவழியே. மனிதனுக்கு நிகழ்ந்த நெறி மீனுக்கும் ஒத்தது என்க.

தோன்றியதெல்லாம் நோய்முதல் அன்றே

"எல்லாம்" என்பது எஞ்சாப் பொருட்டு. தோன்றியவற்றுட் சில நோய்முதலாம், சில ஆகா என்பது கருத்து. ஏகாரம் தேற்றம்.

இவ்வடி கூறாக்கால் மாணாக்கன் வழுவுவான். 1980களில் ஆசிய நாடுகள் பலவற்றின் விரால் முதலிய நன்னீர் மீன்கள் உடலிற் குழிப்புண் பட்டு மடிந்தன. அந்நோய் அப்பத்தாண்டின் இறுதியில் இலங்கையையும் எட்டிற்று. நோயுற்ற மீனினின்று கலவளர்ப்பில் வைரசுகள் சில பிரிந்து வந்தன. தாய்லாந்து விராலின் இராப்டோ வைரசு ஒன்று 1986இல் அறிவிக்கப்பட்டது. கலத்தை அழித்தது உண்மை. எனினும் ஆய்வு முதிர்ந்தபோது, புண்தோறும் தவறாது நின்றது அபனோமைசிசு இன்வதான்சு என்னும் பங்கசு போன்ற நீருயிரே எனத் துணியப்பட்டது.

ஆகலின் துணிவுக்குப் பின்வருவன வேண்டும்: நோயுற்ற மீன்தோறும் அவ்வைரசு காணப்படல், கலத்திற் பெருக்கிய அவ்வைரசை நோயற்ற மீனுக்கு ஏற்ற அந்நோயே தோன்றல், அம்மீனினின்று அவ்வைரசை மீண்டும் பிரித்தல். நோய்முதலைத் துணியும் கோக்கின் விதியை வைரசுக்கு ஏற்ப இவ்வகையில் திருத்தி இரிவர்சு 1937இல் உரைத்தார். கலவழி குற்றவாளியைக் கூண்டிலேற்றும், தீர்ப்புரைப்பது மீன்.

ஆக்கலின் அரிதே அதனைக் காத்தல்

"ஆக்கலின்" என்புழி இன் உறழ்பொருவின்கண் வந்தது. ஆக்குதலைக் காட்டினும் என்க. நூற்பாவின் இறுதிக்கண் இதனை வைத்தது, முன்னவை யாவும் இதன்பொருட்டே என்பது தோன்ற.

அற்றன்று, ஆக்குதலே அரிது, பலர் முயன்று சிலரே ஆக்கினர் எனின், ஆக்குதல் ஒருகால் நிகழும் தொழில். காத்தல் நாடோறும் நிகழ்வது. ஆக்கினோன் பெயர் ஏட்டில் நிற்கும். காத்தோன் பெயர் எவரும் அறியார். அறியப்படாத அவ்வுழைப்பு ஒருநாள் தளரின், கொழுந்தலை மின்னோ கெண்டையாகும், மைக்கோபிளாஸ்மா வைரசாகும், நைதரசன் வற்றிய பீப்பாயில் ஒரு மீனினத்தின் கலவழி அவியும். இதனை உணர்ந்தே இந்தியா லக்னோவிலுள்ள தேசிய மீன் மரபுவளப் பணியகத்தில் 2010இல் தேசிய மீன் கலவழிக் களஞ்சியம் நிறுவிற்று. ஆங்காங்கு ஆக்கிய வழிகளைப் பெற்று, இனம் சோதித்து, உறைய வைத்து, வேண்டுவார்க்கு வழங்குதல் அதன் பணி. ஓரிடத்து இழந்தது மற்றோரிடத்து உயிர்த்தெழும் என்பது அதன் பயன்.

இலங்கையில் 1981ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டத்தால் தோன்றிய நாரா என்னும் நீர்வள ஆராய்ச்சி நிறுவனம் மட்டக்குளியிற் காக்கைதீவில் நிற்கிறது; நீருயிர் வளர்ப்பை நடத்த 1998ஆம் ஆண்டுச் சட்டத்தால் தனி அதிகாரசபையும் அமைந்தது. பல்கலைக்கழகங்களும் உள. இந்நாட்டுக் கொடுவாவுக்கும் விராலுக்கும் கலவழி ஆக்கிப் பேணுதற்கு இவை போதிய இடம். பேணும் ஆளும், ஆண்டுதோறும் தவறாத நைதரசனும், எழுதத் தவறாத பதிவேடுமே வேண்டுவன.

ஆதலின் இத்துறை புகும் மாணாக்கர் முதற்கண் புதிதொன்றை ஆக்க விரையற்க. பிறர் ஆக்கித் தந்த ஒரு கலவழியைப் பெற்று, அதன் இனத்தைத் தாமே சோதித்து, மாசும் மயக்கமும் அணுகாது ஓராண்டு காத்துப் பழகுக. அவ்வாறு காத்தவர்க்கே ஆக்கும் உரிமை உண்டு என்பது இந்நூற்பாவின் முடிபு.